துக்கம் விசாரிப்பது என்றால்

என் அம்மா ஒரு புதன்கிழமை மாலையில் இறந்தார். மறுநாள் காலை, அடக்க ஆராதனைக்கான ஏற்பாடுகளுக்கு நடுவே, ஏதோ ஒரு சான்றிதழைத் தேடிக்கொண்டு அவருடைய அறைக்குள் போனேன். ஜன்னலோரத்து மேஜைமேல் அவருடைய மருந்துப் பெட்டி இருந்தது. வாரத்தின் ஏழு நாட்களுக்கும் ஏழு அறைகள் வைத்த பிளாஸ்டிக் பெட்டி அது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் காலியாக இருந்தன. புதன்கிழமை அறையில் இரவுக்கான அரை மாத்திரை ஒன்று மட்டும் மீந்திருந்தது. அதைக் கத்தியால் இரண்டாக வெட்டிப் போட்டவன் நான்தான். வியாழன், வெள்ளி, சனி மூன்றும் நிறைந்திருந்தன. மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்தி மூடிவிட்டு வெளியே வந்து, வந்திருந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன்.

துக்க வீடு எனக்குப் புதிதல்ல. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக, எங்கள் சபையில் யாராவது இறந்தால் அந்த வீட்டுக்குச் சென்று ஜெபித்துவிட்டு வரும் குழுவில் நானும் ஒருவன். எந்த வீட்டில் எந்த வசனத்தை வாசிப்பது என்பது எனக்குக் கைவந்த வேலையாக இருந்தது. வயது முதிர்ந்தவர் என்றால், ஓட்டத்தை முடித்தேன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது. நெடுநாள் நோயில் இறந்தவர் என்றால், கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார் என்ற வெளிப்படுத்தின விசேஷத்தின் 21ஆம் அதிகாரம். எதிர்பாராத மரணம் என்றால், என் நினைவுகள் உங்கள் நினைவுகள் அல்ல என்ற ஏசாயா 55. வேதாகமத்தில் அந்தப் பக்கங்களுக்கு நாடா கூட வைத்திருந்தேன். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையான அக்கறையோடுதான் போனேன், உண்மையான விசுவாசத்தோடுதான் வாசித்தேன்.

அம்மா இறந்த வாரத்தில் அந்த நாற்காலிகளின் மறுபக்கத்தில் உட்கார நேர்ந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்டது, “அம்மாவுக்கு எத்தனை வயது?” என்பதுதான். 79 என்று சொன்னவுடன் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போகும். துக்கத்தை வயதால் வகுத்துப் பார்த்து, இது தாங்கக்கூடிய அளவுதான் என்று கணக்கு முடித்துவிட்டது போன்ற தலையசைப்பு. பிறகு நான் மனப்பாடமாக அறிந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாக என்னை நோக்கி வந்தன. படுக்கையில் கிடந்து கஷ்டப்படாமல் போனது தேவ கிருபை. கர்த்தர் ஒருபோதும் தவறு செய்யமாட்டார். மகிமைக்குள் போனவருக்காக நாம் அழலாமா? நீங்கள்தான் திடமாக இருந்து மற்றவர்களைத் தேற்ற வேண்டும். இவற்றில் ஒன்றுகூடப் பொய் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் என்மேல் பட்டுக் கீழே விழுந்தது. நம்புகிற ஒரு சத்தியம், தேவைப்படுகிற நேரத்தில், அன்புள்ளவர்களின் வாயிலிருந்தே வந்தும் ஏன் உள்ளே இறங்கவில்லை என்ற கேள்வி அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. அதைவிட அதிகமாகத் தூங்கவிடாதது, நான் மறக்க முயன்றுவந்த இன்னொரு வீடு.

சில ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டு வயதுக் குழந்தையை இழந்த ஓர் இளம் தகப்பனைப் பார்க்கப் போயிருந்தோம். எங்கள் சபைக்கே வருகிறவர். என்னை அண்ணா என்று அழைப்பவர். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கனத்த அமைதி நிலவியது, அந்த அமைதியை என்னால் பொறுக்க முடியவில்லை. “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்” என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. விரிப்பின் மடிந்திருந்த ஓரத்தைக் கையால் நீவி நேராக்கிக்கொண்டே, மெல்லிய குரலில் “ஆமென்” என்றார். எங்களோடு வந்த வேறொருவர், இன்னொரு குழந்தையைக் கர்த்தர் தருவார் என்று சொன்னார். ஜெபித்துவிட்டுக் கிளம்பினோம். அந்த ஆமெனைக் கேட்டு நான் திருப்தியோடு வீடு திரும்பினேன் என்பதை எழுதும்போது இப்போது கை கூசுகிறது.

அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு யோபுவின் புத்தகத்தை முதலிலிருந்து வாசித்தேன். அந்த வசனம் முதல் அதிகாரத்தின் 21ஆம் வசனம். அதைச் சொன்னவன் ஏழு குமாரரையும் மூன்று குமாரத்திகளையும் ஒரே நாளில் இழந்த தகப்பன். சால்வையைக் கிழித்து, தலையைச் சிரைத்து, தரையில் விழுந்து சொன்னான். அவனைத் தேற்ற வந்தவர்கள் யாரும் அதை அவனுக்குச் சொல்லவில்லை. இத்தனை முறை வாசித்தும் இந்த எளிய விஷயம் எனக்குப் படவில்லை. அது இழந்தவனின் வாயில் பிறந்த அறிக்கை. இழக்காத ஒருவன் அதை எடுத்துக்கொண்டு போய் இழந்தவனின் மடியில் வைக்கும்போது, சொற்கள் அவையேதான், ஆனால் அது அறிக்கையாக இருப்பதில்லை, கட்டளையாகிவிடுகிறது. ‘நான் ஸ்தோத்திரிக்கிறேன்’ என்பது ‘நீ ஸ்தோத்திரி’ என்று மாறிவிடுகிறது. அந்த இளம் தகப்பன் சொன்ன ஆமென், கட்டளைக்குக் கீழ்ப்படிந்த ஆமென்.

யோபுவின் நண்பர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரையும் நாம் எளிதாகக் குறை சொல்லிவிடுகிறோம். நியாயமாகப் பார்த்தால், நம்மில் பலர் செய்யாததை அவர்கள் முதலில் செய்தார்கள். தங்கள் தங்கள் இடங்களிலிருந்து புறப்பட்டு, பேசிவைத்துக்கொண்டு ஒன்றாக வந்தார்கள், தூரத்திலேயே அழுதார்கள், அவன் துக்கம் மகா கொடியது என்று கண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் இரவும் பகலும் ஏழு நாட்கள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு நிமிடம் பேசாமல் இருக்க முடியாத நான் அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவர்கள் எங்கே தவறினார்கள் என்றால், மூன்றாம் அதிகாரத்தில் யோபு வாய் திறந்து தான் பிறந்த நாளைச் சபித்தபோதுதான். அவனுடைய மௌனத்தைத் தாங்கிக்கொண்டவர்களால் அவனுடைய முறையீட்டைத் தாங்க முடியவில்லை. உடனே விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். பில்தாத் ஒரு படி மேலே போய், செத்துப்போன பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் செத்தார்கள் என்று பெற்ற தகப்பனிடமே குறிப்புக் காட்டினான்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் பேசியவற்றில் நல்ல சத்தியங்களும் உண்டு என்பது. ஐந்தாம் அதிகாரத்தில் எலிப்பாஸ் சொன்ன ஒரு வாக்கியத்தை, ஞானிகளை அவர்களுடைய தந்திரத்திலே பிடிக்கிறார் என்பதை, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் வேதவாக்கியமாகவே எடுத்தாளுகிறார். அப்படிப்பட்ட வாக்கியங்களைச் சொன்னவனிடம்தான், புத்தகத்தின் கடைசியில், என்னைக்குறித்து நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை, என் தாசனாகிய யோபுதான் பேசினான் என்று கர்த்தர் கோபத்தோடு சொல்கிறார். தேவனை நோக்கிக் கத்தியவன் நிதானமாகப் பேசியவன் ஆனான்; தேவனுக்காக வாதாடியவர்கள் பலி செலுத்தி, அவனுடைய வேண்டுதலால் மன்னிப்புப் பெற வேண்டியவர்கள் ஆனார்கள்.

அதே புத்தகத்தில் இன்னொன்று. யோபுவின் ஆடுமாடுகள் கடைசியில் இரண்டத்தனையாகத் திரும்பக் கிடைக்கின்றன. 7,000 ஆடுகள் 14,000 ஆகின்றன. பிள்ளைகள் மட்டும் மறுபடியும் ஏழு குமாரர், மூன்று குமாரத்திகள், அதே பத்து. ஆடுகள் தொலைந்துபோனவை, பிள்ளைகள் தொலைந்துபோகவில்லை, தேவனிடத்தில் இருக்கிறார்கள், அதனால்தான் எண்ணிக்கை இரட்டிக்கவில்லை என்று பழைய காலத்து விளக்கவுரையாளர்கள் சொல்வதுண்டு. அழகான விளக்கம். இருந்தாலும், பின்னால் பிறந்த பத்துப் பேர் முன்னால் இறந்த பத்துப் பேருக்கு ஈடு என்று அந்தப் புத்தகம் எங்கேயும் சொல்லவில்லை என்பதே எனக்குப் போதும். இன்னொரு குழந்தை பிறக்கலாம். அது இன்னொரு குழந்தை.

பழைய மொழிபெயர்ப்புத் தமிழ் வேதாகமத்தைப் படிப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஓர் அதிர்ச்சி உண்டு. யோபு 16ஆம் அதிகாரத்தில் தன் நண்பர்களை “அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்” என்கிறான். யோவான் 14ஆம் அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவரைக் குறித்து இயேசு சொல்லும் சொல்லும் அதே “தேற்றரவாளன்”தான். அங்கே கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்கு, பக்கத்தில் வந்து நிற்கும்படி அழைக்கப்பட்டவர் என்பது பொருள். தமிழில் தேற்றுதல் என்பதற்கு வேறொரு ஆழம் இருக்கிறது: தேறுதல் என்றால் தெளிதல். கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் விதைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர். பானையின் உட்புறத்தில் அதை இழைத்துவிட்டு நீரை ஊற்றி வைத்தால், கலங்கல் அடியில் படியும். அது வேலை செய்வதற்குத் தேவை, பானையை யாரும் அசைக்காமல் இருப்பது. நாமோ வீட்டுக்குள் நுழைந்தவுடன் பானையைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, தெளிந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்கிறோம்.

இயேசு துக்கம் விசாரிக்கப் போன வீடு என்றால் பெத்தானியாதான். லாசரு கல்லறையில் வைக்கப்பட்டு நான்கு நாட்களான பின் அவர் போய்ச் சேருகிறார். மார்த்தாள் எதிர்கொண்டு வந்து, ஆண்டவரே, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான் என்கிறாள். சற்று நேரத்தில் மரியாளும் வந்து அதையே சொல்கிறாள். நான்கு நாட்களாகச் சகோதரிகள் இருவரும் தங்களுக்குள் இதையேதான் சொல்லிச் சொல்லி அழுதிருப்பார்கள் போலும். துக்க வீட்டில் ‘அன்றைக்கு மட்டும்’ என்ற வாக்கியம் எத்தனை முறை சுற்றிச் சுற்றி வரும் என்பது இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரே வாக்கியத்துக்கு இயேசு கொடுத்த பதில்கள் இரண்டு. மார்த்தாளிடம் பேசுகிறார், நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன் என்ற, கிறிஸ்தவ அடக்க ஆராதனைகளில் எல்லாம் வாசிக்கப்படும் அந்த வார்த்தை அவளோடு நடந்த உரையாடலில்தான் வருகிறது. மரியாளிடமோ உபதேசம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். பிறகு, “இயேசு கண்ணீர் விட்டார்.”

சில நிமிடங்களில் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே அவர் அழுதார் என்பது என்னை இப்போது பிடித்து நிறுத்துகிறது. உயிர்த்தெழுதலைப் பற்றி அவரைவிட நிச்சயம் உள்ளவர் யார்? அந்த நிச்சயம் அவருடைய கண்ணீரை நிறுத்தவில்லை என்றால், நம்முடைய நம்பிக்கை நம் கண்ணீரை நிறுத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த வேதத்தில் இருக்கிறது? அழாமல் இருப்பதே சாட்சி என்று நம் நடுவில் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. வானம் திறந்திருக்கக் கண்டு மரித்த ஸ்தேவானை அடக்கம் பண்ணியவர்கள் தேவபக்தியுள்ளவர்கள் என்றும், அவர்கள் அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்றும் அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரம் சொல்கிறது. அவன் எங்கே போனான் என்பதில் சந்தேகப்பட அவர்களுக்கு இடமே இல்லை. ஆனாலும் அவன் இங்கே இல்லையே.

கி.பி. 387இல், ரோம் நகரின் துறைமுகமான ஒஸ்தியாவில் அகஸ்தீனின் தாய் மோனிக்கா இறந்தபோது அகஸ்தீன் தம் 33ஆம் வயதில் இருந்தார். அம்மா கண்மூடியதும் அகஸ்தீனின் மகன் வாய்விட்டு அழுதான். சுற்றியிருந்தவர்கள் அவனை அடக்கினார்கள். அகஸ்தீனும் விசுவாசிக்கு அழுகை தகாது என்று எண்ணித் தன்னை இறுக்கிக்கொண்டார். அடக்கத்தின்போது அழவில்லை. குளித்தால் துக்கம் விலகும் என்று கேள்விப்பட்டுக் குளித்துப் பார்த்தார், ஒன்றும் விலகவில்லை. தூங்கி எழுந்த பிறகுதான் தனிமையில் உடைந்து அழுதார். இதை அவரே பின்னாளில் எழுதும்போது, தன்னை இத்தனை ஆண்டுகள் அழுது ஜெபித்துத் தேவனிடம் சேர்த்த தாய்க்காக ஒரு மணி நேரத்தின் ஒரு சிறு பகுதி அழுததைப் பாவம் என்று யாராவது கருதினால் கருதட்டும் என்ற தொனியில் எழுதினார். 1542இல் மார்ட்டின் லூதரின் மகள் மக்தலேனா 13 வயதில் அவருடைய கைகளிலேயே இறந்தாள். அவள் சமாதானமாக இருக்கிறாள் என்று நிச்சயமாகத் தெரிந்தும் இவ்வளவு துக்கம் வருவது விந்தையாக இருக்கிறதே என்று அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. சபையின் மிகப் பெரிய போதகர்கள் இருவர், தங்கள் போதனை தங்கள் நெஞ்சை எட்டாத நாட்களை மறைக்காமல் சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாம்தான் மறைக்கிறோம்.

அப்படியானால் வார்த்தையே வேண்டாமா என்று கேட்டால், அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில், நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்று சொல்லி, கர்த்தரின் வருகையையும் உயிர்த்தெழுதலையும் விவரித்த பின், “இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்” என்றுதான் பவுல் முடிக்கிறார். மௌனமே உயர்ந்தது என்று இப்போது ஒரு நாகரிகம் பரவிவருகிறது. அதுவும் வசதியான ஒளிந்துகொள்ளலாக முடியலாம். பவுல் எழுதியதைக் கவனித்தால், துக்கிக்காதீர்கள் என்று அவர் சொல்லவில்லை, எப்படித் துக்கிக்கக் கூடாது என்று சொல்கிறார். ‘ஒருவரையொருவர்’ என்றும் சொல்கிறார்; மேடையில் இருந்து கீழே அல்ல, இழப்பை அறிந்தவர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் வார்த்தை அது. நான் வைத்துக்கொண்டிருக்கும் வரையறை எளியது: கேட்டால் சொல்வேன். மார்த்தாள் விவாதிக்க வந்தாள், அவளுக்கு உரையாடல் கிடைத்தது. மரியாள் காலில் விழுந்தாள், அவளுக்குக் கண்ணீர் கிடைத்தது. யார் மார்த்தாள், யார் மரியாள் என்பது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், சில நாட்களில் ஒரே ஆள் இரண்டாகவும் இருப்பார்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள், அந்த இளம் தகப்பன் என்னைப் பார்க்க வந்தார். எனக்குள் ஒரு கூச்சம். அவர் வசனம் ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவின் வயதையும் கேட்கவில்லை. “அம்மாவின் அறையில் கொஞ்ச நேரம் உட்காரலாமா, அண்ணா?” என்றார். அங்கே போனோம். மேஜைமேல் இருந்த பெட்டியைப் பார்த்து, தொடாமலே கேட்டார்: “இதில் மாத்திரை போட்டு வைப்பது யார்?” நான்தான் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், அம்மா எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் தப்பும் தவறுமாகச் சொல்ல, நான் திருத்திக்கொண்டே போடுவேன் என்றேன். வெள்ளை மாத்திரை இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் ஒரு முறை மாற்றிப் போட்டுவிட்டதையும், அம்மாதான் அதைக் கண்டுபிடித்து, இந்த வயதில் எனக்குக் கணக்கு கற்றுக்கொடுக்கிறாயா என்று சிரித்ததையும் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இறந்த நாளிலிருந்து நான் வாய்விட்டு அழுதது அப்போதுதான். அவர் எழுந்து வந்து என் முதுகில் கை வைக்கவும் இல்லை. இருந்த இடத்திலேயே, பெட்டியைப் பார்த்தபடி, அவரும் அழுதுகொண்டிருந்தார்.

யோப்பா பட்டணத்தில் தொற்காள் இறந்தபோது பேதுரு போய் நுழைந்த மேல்வீடு நினைவுக்கு வந்தது. விதவைகள் எல்லாரும் அழுதுகொண்டு, தொற்காள் தங்களோடு இருந்தபோது செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டி அவரைச் சூழ்ந்து நின்றார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அற்புதத்தை நோக்கி வேகமாக ஓடும் நம் வாசிப்பில் அந்தத் துணிகளை நாம் பார்ப்பதே இல்லை. இழந்தவர்களுக்குக் காட்டுவதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்க ஒருவர் வேண்டும். தமிழில் நாம் இதற்கு வைத்திருக்கும் சொல்லே இதைத்தான் சொல்கிறது: துக்கம் விசாரித்தல். விசாரிப்பது என்றால் கேட்பது. நாமோ போய், கேட்காத கேள்விக்கெல்லாம் பதிலைச் சொல்லிவிட்டு, துக்கம் விசாரித்தாயிற்று என்று திரும்பி வருகிறோம்.

அதற்கடுத்த வாரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வருகை நின்றுபோகும், வீடு மட்டும் இருக்கும். ஜெபிக்க உட்கார்ந்தால் சொற்கள் வரவில்லை. சங்கீதங்களின் துணையில்தான் ஜெபத்தை மறுபடியும் எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டேன். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சங்கீதங்கள் புலம்பல்கள் என்று சொல்வார்கள். 13ஆம் சங்கீதம் “எதுவரைக்கும்” என்று நான்கு முறை கேட்கிறது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிந்துவிடுகிறது. நன்றியோ துதியோ கடைசியில் வந்து காப்பாற்றவில்லை, ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது, சபையில் பாடுவதற்கென்றே வைக்கப்பட்டிருக்கிறது. புலம்பல் புத்தகத்தில், அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவைகள் காலைதோறும் புதியவைகள் என்ற, நாம் சுவரில் மாட்டி வைக்கும் வசனம் ஐந்து அதிகாரங்களில் நடு அதிகாரத்தில் வருகிறது. அதற்குப் பிறகும் எரேமியா இரண்டு அதிகாரங்கள் புலம்புகிறான். அவன் விசுவாசத்தைக் கண்டடைந்த பின்னும் புலம்பல் தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாட வாய் வராமல் நின்ற எனக்காகச் சுற்றிலும் மற்றவர்கள் பாடினார்கள். சபை எதற்கு என்பதற்கு எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த விளக்கம் அதுதான்.

துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு என்று சொல்லி, நான் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் என்று ஒருவர் அன்போடு கேட்டார். மனநல மருத்துவர் எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969இல் அந்த ஐந்தையும் விவரித்தது, தாங்கள் சாகப்போகிறோம் என்று அறிந்த நோயாளிகளைப் பற்றி. இழந்து நிற்பவர்களுக்கான படிக்கட்டாக அது பிறகுதான் மாறியது. எனக்குப் பொருந்தியது, துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் சொன்னது: இழந்தவர் இழப்பை நோக்கியும் அன்றாட வாழ்க்கையை நோக்கியும் மாறி மாறி அசைந்துகொண்டிருப்பார் என்பது. ஒன்பதாம் நாள் ஏதோ ஒன்றுக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அம்மாவுக்குத் துரோகம் செய்ததுபோல் நான் குறுகிப்போனதற்கு அங்கே ஓர் இடம் இருந்தது. தாவீதைப் பாருங்கள்: குழந்தை இறந்த செய்தி கேட்டவுடன் எழுந்து முகம் கழுவி ஆலயத்துக்குப் போகிறான், அப்சலோம் இறந்தபோதோ, என் மகனாகிய அப்சலோமே என்று மேல்வீட்டில் நிலைகுலைந்து கதறுகிறான். ஒரே தகப்பன். இதில் எது முறையான துக்கம் என்று யார் தீர்ப்புச் சொல்வது?

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். துக்கம் நோயல்ல, ஆனால் சிலருக்கு அது நகராமல் உறைந்துவிடுகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022இல் தன் கையேட்டின் திருத்தப் பதிப்பில் நீடித்த துக்கக் கோளாறு என்ற ஒன்றைச் சேர்த்தது. பெரியவர்களுக்குக் குறைந்தது 12 மாதம் கடந்தும், நாள்தோறும் அன்றாட வாழ்க்கையையே முடக்கும் அளவுக்குத் துக்கம் தொடர்வதை அது குறிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு 6 மாதம் என்கிறது. அப்படிப்பட்டவரிடமும், வாழவே வேண்டாம் என்று பேசுகிறவரிடமும், இன்னும் கொஞ்சம் ஜெபியுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவது அவரைக் கைவிடுவதுதான். பின்னவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். சாக வேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின்கீழ்ப் படுத்த எலியாவுக்கு முதலில் கிடைத்தது தூக்கம், பிறகு உணவும் தண்ணீரும், மறுபடி தூக்கம், மறுபடி உணவு. தேவன் அவனோடு பேசியது அதற்கும் நாற்பது நாட்கள் கழித்து, ஓரேப் மலையில்.

வந்தவர்கள் செய்தவற்றில் மனதில் தங்கியவை எல்லாம் சிறியவை. ஏதாவது தேவையென்றால் கூப்பிடுங்கள் என்றவர்களை நான் கூப்பிடவே இல்லை. என்ன தேவை என்று யோசிக்கிற தெம்பு இருந்தால்தானே கூப்பிட முடியும்? மின்கட்டண ரசீதை மேஜையில் பார்த்து எடுத்துப்போய்க் கட்டிவிட்டு, கட்டியாயிற்று என்று ஒரு வரி அனுப்பியவரை மறக்க முடியாது. மூன்றாம் மாதம் ஒரு சகோதரி, பதில் எழுத வேண்டாம், இன்று அம்மாவை நினைத்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தார். அம்மாவின் பெயரை நம்மிடம் சொல்வதற்கு எல்லாரும் தயங்கும்போது, ஒருவர் அதை வாய்விட்டுச் சொல்வது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை நான் எழுதிக் காட்ட முடியாது.

பதினொன்றாம் மாதம் அந்த இளம் தகப்பனின் வீட்டுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன், ஆனால் உட்கார்ந்தவுடன் அது மறந்துபோனது. “அன்றைக்கு நான் அந்த வசனத்தைச் சொல்லியிருக்கக் கூடாது, தம்பி” என்று மட்டும் சொன்னேன். எந்த வசனம் என்று அவர் கேட்கவில்லை.

“இரண்டு வருஷம் யோபுவின் புத்தகத்தை நான் திறக்கவே இல்லை, அண்ணா. வாசிப்புப் பட்டியலில் வந்தால் அந்தப் பக்கங்களை அப்படியே தள்ளிவிடுவேன். பிறகு ஒரு நாள், வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போது, தானாகவே வாயில் வந்தது” என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்தார். “கர்த்தர் கொடுத்தார் என்பது வரைக்கும்தான் வந்தது. மீதி இன்னும் வரவில்லை.”

நான் ஆமென் சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு ஜெபிக்கப் போனேன், அந்தக் குழந்தையின் அடக்கத்தில் நின்றேன், ஆனால் வீட்டில் அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று இத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டேன். அவர் சொன்னார். சொல்லிவிட்டு, மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த அலைபேசியை எடுத்து, என் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, படங்களை மேலே மேலே தள்ளிப் பழைய தேதிகளுக்குப் போகத் தொடங்கினார்.